இட்லியை மகிழ்ந்தேன் என்றால் ஏன் சிரிக்கிறார்கள்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் மனைவி வங்காளி. கல்யாணமாகி வந்து ஆறேழு மாதமாகத் தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறார். மாமியார் வீட்டில் காலைப் பலகாரம் முடிந்ததும், அகராதியைப் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்ததை அப்படியே, “அத்தை, நான் இட்லியை மகிழ்ந்தேன்” என்று சொல்லியிருக்கிறார். வீடே சிரித்துவிட்டது. அவருக்கு வருத்தம். “என்ஜாய் என்பதற்கு மகிழ் என்றுதானே அகராதி சொல்கிறது? இதில் என்ன தப்பு? மகிழ்ச்சி, சந்தோஷம், இன்பம், ஆனந்தம், களிப்பு என்று இத்தனை இருக்கிறதே, எல்லாம் ஒன்றுதானா? எதை எங்கே போடுவது?”

இருபது வருடமாக மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். என்ஜாய் என்ற அந்த ஒரு சொல்லிடம் நானும் பல தடவை மாட்டியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: சொல் தப்பில்லை, வேற்றுமை உருபுதான் தப்பு. மகிழ் என்ற வினைக்கு இன்றைய தமிழில் ‘ஐ’ ஒட்டாது. இட்லியைத் தின்னலாம், ருசிக்கலாம், பாராட்டலாம், கல் மாதிரி இருந்தால் திட்டலாம். மகிழ முடியாது. மகிழ்ச்சி என்பது இட்லியின் மேல் நாம் செய்கிற காரியமில்லை. தின்கிறபோது கூடவே வருவது. அதனால் தமிழ் இரண்டு வினைகளைச் சேர்த்துக் கட்டும். உண்டு மகிழ்ந்தோம். கண்டு களித்தோம். கேட்டு இன்புற்றோம். வானொலியில் “கேட்டு மகிழுங்கள்” என்பார்கள், தொலைக்காட்சியில் “பார்த்து மகிழுங்கள்”. மலர்க் கண்காட்சி முடிந்த மறுநாள் பேப்பரைப் பிரித்தால் “ஆயிரக்கணக்கானோர் கண்டுகளித்தனர்” என்று இருக்கும். முதல் வினை என்ன செய்தார்கள் என்று சொல்கிறது. அது எப்படி இருந்தது என்பதை இரண்டாவது வினை பார்த்துக்கொள்கிறது.

பேச்சில் இன்னொரு வழி. “எனக்குச் சந்தோஷமா இருக்கு”, “எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு” என்று ‘நான்’ நகர்ந்து ‘எனக்கு’ ஆகிவிடும். பசி, தூக்கம், காய்ச்சல் எல்லாம் எனக்கு வருவதுபோலச் சந்தோஷமும் எனக்கு வருகிறது. ‘நான்’ என்று தொடங்கினாலும் “சந்தோஷப்பட்டேன்” என்றுதான் முடிக்க வேண்டும். அந்தப் ‘படு’ யார் என்று பாருங்கள்: கஷ்டப்படு, வருத்தப்படு, அவமானப்படு, அடிபடு. அதே ஆள்தான். எழுத்துத் தமிழிலும் இப்படியே, துன்புறு என்றால் அந்தப் பக்கம் இன்புறு. இரண்டுக்கும் ஒரே வால்.

மகிழ்ச்சி என்ற சொல்லின் பழைய கதை சுவாரசியமானது. இன்று அது மேடைச் சொல். “இந்த விழாவில் கலந்துகொள்வதில் மட்டற்ற மகிழ்ச்சி அடைகிறேன்” என்பவரின் முகத்தில் பல சமயம் அப்படி எதுவும் தெரியாது. ஆனால் பழைய தமிழில் அது கள் வாடை அடிக்கும் சொல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் ‘மகிழ்’ என்பதற்குக் கள் என்றும், கள்ளால் வரும் மயக்கம் என்றும் பொருள் இருக்கிறது. சங்கப் பாட்டில் வரும் ‘நாள்மகிழ் இருக்கை’ அரசன் காலையிலேயே பாணர், புலவரோடு அமர்ந்து கள் அருந்தும் அவை. களியும் அப்படித்தான். வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் ‘களித்தான்’ என்று சொல்வது குடித்து வெறியில் இருப்பவனை. சந்தோஷமாக இருப்பவனை இல்லை.

இது தெரிந்தால் 1281-ஆம் குறளின் குறும்பு பிடிபடும். “உள்ளக் களித்தலும் காண மகிழ்தலும் கள்ளுக்கில் காமத்திற் குண்டு.” நினைத்த மாத்திரத்தில் களிப்பதும் பார்த்த மாத்திரத்தில் மகிழ்வதும் கள்ளுக்குக் கிடையாது, காதலுக்குத்தான் உண்டு. கள்ளுக்குச் சொந்தமான இரண்டு சொற்களையும் பிடுங்கிக் காதலிடம் கொடுத்துவிடுகிறார். இன்னோரிடத்தில் அதே மகிழ்ச்சியைப் பார்த்து முகம் சுளிக்கிறார். பொச்சாவாமை அதிகாரத்தின் முதல் குறள்: “இறந்த வெகுளியின் தீதே சிறந்த உவகை மகிழ்ச்சியின் சோர்வு.” அளவு மீறிய கோபத்தைவிடக் கெட்டது, பெரிய உவகையில் மயங்கிக் கடமையை மறப்பது. இங்கே மகிழ்ச்சிக்கு மயக்கம் என்றே பொருள் கொள்ளலாம். மேடையில் மட்டற்ற மகிழ்ச்சி அடைகிறவர்கள் இந்தக் குறளை ஒருமுறை பார்ப்பது நல்லது.

(காரை ‘மகிழுந்து’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சென்னை கிண்டியில் சாயங்காலம் ஆறரை மணிக்கு அதற்குள் உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சொல் என்னைக் கேலி செய்வதுபோலவே இருக்கும்.)

பேச்சில் யாரும் மகிழ்ச்சி என்று சொல்லாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. 2016-ல் வந்த ஒரு ரஜினி படத்தில் அவர் அதை ஒற்றைச் சொல் பதிலாகச் சொல்லப்போக, பலர் வாயில் அது ஒட்டிக்கொண்டது. முதலில் கேலியாகத்தான் சொன்னார்கள். இப்போது வாட்ஸாப்பில் நிஜமாகவே “மகிழ்ச்சி” என்று பதில் போடுகிறார்கள். இலக்கணப்படி அது வாக்கியமே இல்லை. ஆனால் ‘நன்றி’ மட்டும் என்ன வாக்கியமா?

சரி, சந்தோஷத்துக்கு வருவோம். வங்காளியான அவருக்கு இந்தச் சொல் ஏற்கெனவே தெரியும், ஆனால் வேறு அளவில். அவர்கள் ஊரில் அது திருப்தி. போதும் என்கிற மனம். வடமொழியில் அதுதான் மூலப்பொருள். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஐந்து நியமங்களில் ஒன்றாக வரும் சந்தோஷமும் இந்தப் ‘போதும்’தான். தமிழுக்கு வந்த சந்தோஷம் அப்படி அடங்கி உட்காரவில்லை. எல்லா வகை நல்ல உணர்ச்சிக்கும் பொதுச்சொல்லாகப் பரவிவிட்டது. பிள்ளை பாஸானால் சந்தோஷம், பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தாலும் சந்தோஷம். (சந்தோஷத்துக்குள் தோஷம் இருக்கிறதே என்று ஜோசியர் பாணியில் கவலைப்படுகிறவர்கள் உண்டு. வேர் வேறு. அது ‘துஷ்’, திருப்தியடைதல்.)

அகராதியில் கிடைக்காத வேலைகளையும் இந்தச் சொல் பார்க்கிறது. “என்னமோ உங்க சந்தோஷத்துக்குப் பார்த்துக் குடுங்க” என்றால் காசு கேட்கிறார்கள் என்று அர்த்தம். எவ்வளவு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் நீங்கள் கொடுக்கும் தொகை நிச்சயம் அவர்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும். ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்த செய்தி சொன்னவரும், வீடு மாற்றச் சாமான் இறக்கியவரும் கேட்பது இந்தச் சந்தோஷம்தான். அப்புறம், குரலை இறக்கி இழுத்து “ரொம்ப சந்தோஷம்” என்று மாமியார் சொன்னால் அது சந்தோஷமே இல்லை. பால் பொங்கி வழிந்திருக்கும். இதை அந்தப் பெண் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இன்பம் பேச்சிலிருந்து கிட்டத்தட்டப் போய்விட்டது. இனிது, இனிமை, இனிப்பு எல்லாம் பிறந்த அதே ‘இன்’ குடும்பம்தான். தொல்காப்பியத்தில் “இன்பமும் பொருளும் அறனும்” என்று வரிசையில் முதல் இடம் இதற்குத்தான். இன்று “எனக்கு இன்பமா இருக்கு” என்று யாராவது சொன்னால் நாடக ஒத்திகை என்றுதான் நினைப்போம். பள்ளிக்கூடத்து இன்பச் சுற்றுலா, பேப்பர்காரர்களின் இன்ப அதிர்ச்சி, ‘இன்ப துன்பம்’ என்ற ஜோடி என்று ஒட்டுக்குடித்தனம் நடத்துகிறது. இதன் பெயர் கெட்டதற்குச் சிற்றின்பம் என்ற சொல்லும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்டாலே இன்று எல்லோருக்கும் ஒரே பொருள்தான் தோன்றுகிறது. ஆனால் குறளில் சிற்றின்பம் வருவது காமத்துப்பாலில் இல்லை. வெஃகாமையில், 173-ஆவது குறளில் வருகிறது. அங்கே பேச்சு அடுத்தவன் சொத்துக்கு ஆசைப்படுவது பற்றி. அடுத்தவன் பொருளில் கிடைக்கும் சுகம்தான் வள்ளுவர் கணக்கில் சிறிய இன்பம். படுக்கையறைக்கு அனுப்பி வைத்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

உவகை அதைவிடப் பரிதாபம். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லும்போது மகிழ்ச்சியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது உவகைதான். அது எதிலிருந்து பிறக்கும் என்றும் சொல்கிறார்: “செல்வம் புலனே புணர்வு விளையாட்டு என்று அல்லல் நீத்த உவகை நான்கே.” இதில் விளையாட்டையும் சேர்த்தது எனக்குப் பிடிக்கும். இன்று உவகையைப் பேசுகிறவர் இல்லை. ஆனால் அதன் வினை ஒளிந்து வாழ்கிறது. “மனமுவந்து நன்கொடை தாரீர்” என்ற உண்டியலிலும், “முருகனுக்கு உகந்த நாள்” என்ற காலண்டரிலும் அதைப் பார்க்கலாம். உவ, உக இரண்டும் ஒன்றுதான்.

ஆனந்தம் வங்காளிக்கு வீட்டுச் சொல், தினமும் புழங்குவது. நமக்கு அது கோயில் சொல்லாகவும் கச்சேரிச் சொல்லாகவும் ஆகிவிட்டது. நடராஜர் ஆடுவது ஆனந்தத் தாண்டவம். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பும்போது வருவது ஆனந்தக் கண்ணீர். “நேத்து படம் பார்த்தோம், ஆனந்தமா இருந்துச்சு” என்றால் நாங்கள் கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்போம். தப்பில்லை, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் போனது மாதிரி.

இப்போது என்ஜாய்க்கு மிக நெருங்கி வரும் இரண்டு வினைகள்: அனுபவி, ரசி. இரண்டுக்கும் ‘ஐ’ ஒட்டும். நான் கொஞ்ச நேரம் நிற்க விரும்புவது அனுபவியிடம்.

என் அப்பா பத்திரம் எழுதுகிறவர். கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு சின்ன ஊர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு மேசை, ஒரு பெஞ்சு, மைப்பெட்டி. பள்ளிக்கூட லீவு நாளில் நானும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். கிரயப் பத்திரத்தை எழுதி முடித்து அவர் உரக்க வாசித்துக் காட்டும்போது, கடைசிப் பக்கம் வந்தால் குரல் கொஞ்சம் கோயில் மணி மாதிரி ஆகிவிடும்: “சர்வ சுதந்திர பாத்தியத்துடன், புத்திர பௌத்திர பாரம்பரியமாய்த் தாங்களே ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது.” ஒருநாள் அரை ஏக்கர் வாங்கிய ஒரு வயதான அம்மாள் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, “ஏனுங்க, அனுபவிச்சுக்கோன்னு எழுதிப்போட்டீங்க, அந்தக் கெணத்துல தண்ணி இருக்குதான்னும் எழுதியிருக்குதுங்களா?” என்றார். அப்பா பேனாவை மூடியபடியே, “அதையும் நீங்கதான் அனுபவிக்கோணுமுங்க ஆத்தா” என்றார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அனுபவிக்குள் இன்பம், துன்பம் இரண்டும் இருக்கிறது. நிலத்தை அனுபவிக்கலாம், பென்ஷனை அனுபவிக்கலாம். ஆயுள் தண்டனையும் அனுபவிக்கத்தான் செய்கிறார்கள். “நல்லா அனுபவிச்சு வாழ்ந்த மனுஷன்” என்றால் பாராட்டு. “செஞ்ச பாவத்துக்கு அனுபவிக்கிறான்” என்றால் சாபம் பலித்துவிட்டது. எது என்று முன்னால் வரும் சொல்தான் காட்டும். சில சமயம் முகபாவம். வங்காளத்தில் இதற்கு ஒரு சகோதரன் இருக்கிறான். ‘போக்’ என்றால் இன்பம், துர்கா பூஜையில் பந்தலில் வாங்கிச் சாப்பிடும் பிரசாதமும் ‘போக்’தான். ஆனால் காய்ச்சலில் படுத்துக் கஷ்டப்படுவதையும் அதே வேரிலிருந்து வந்த வினையால்தான் சொல்வார்கள். அந்தப் பெண்ணுக்கு அனுபவியைப் புரியவைக்க இது போதும். நம்மிடம் அந்தப் போகம் வயலுக்குப் போய்விட்டது. முப்போகம் விளையும் பூமி என்கிறோமே, அது.

சட்டத்தில் வரும் அனுபவத்துக்குச் சந்தோஷத்தோடு சம்பந்தமே இல்லை. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில், அடுத்தவர் நிலத்தின் வழியே போகும் பாதையை 20 ஆண்டுகள் தடையில்லாமல், தனக்கு உரிமை என்ற முறையில் அனுபவித்து வந்தவருக்கு அது உரிமையாகிறது. அந்த 20 ஆண்டும் அவர் அந்தச் சேற்றுப் பாதையில் சபித்துக்கொண்டே நடந்திருக்கலாம், சட்டத்துக்குக் கவலையில்லை. ஆங்கிலப் பத்திரங்களை மொழிபெயர்க்கிற புதுப் பிள்ளைகள் சிலர் இந்த இடத்தில் ‘அமைதியாக மகிழ்ந்து’ என்று எழுதிவிடுகிறார்கள். எங்கள் இட்லிப் பெண்ணின் அதே தவறு, கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யப்படுவது.

நுகர், துய் என்ற இரண்டு அசல் தமிழ் வினைகள் இதே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. நுகர் இப்போது நுகர்வோர் நீதிமன்றத்தில் இருக்கிறது. துய்ப்பு புலவர் வீட்டில். இரண்டையும் பேச்சில் போட வேண்டாம்.

ரசி வேறு ரகம். ரசம் என்றால் சாறு. வடமொழியில் ரசனா என்றால் நாக்கு. வங்காளத்தில் அது சர்க்கரைப் பாகாகி ரசகுல்லாவில் ஊறுகிறது, நம்மிடம் புளியும் மிளகுமாகி இரண்டாவது சோற்றுக்கு வருகிறது. அனுபவிப்பதற்குப் பொருள் உங்களுடையதாக இருக்க வேண்டும். ரசிப்பதற்கு அந்த அவசியம் கிடையாது. பக்கத்து வீட்டுத் தோட்டத்தை ரசிக்கலாம், அனுபவித்தால் வழக்கு வரும். ரசிக்கிறவருக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், நிதானம் வேண்டும். “ரசிச்சு சாப்பிட்டேன் அத்தை” என்றால் எந்த மாமியாரும் அடுத்த தடவை நெய் கூட ஊற்றுவார். ஆனால் வங்காளத்தில் ரசிகன் என்றால் நகைச்சுவை உள்ள ஆள். இங்கே ரசிகர் என்றால் முதல் காட்சிக்குப் பாலூற்றத் தயாராக நிற்பவர். குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தெருப்பேச்சில் என்ஜாய் என்பதற்கு என்ஜாய் என்றேதான் சொல்கிறோம். “நல்லா என்ஜாய் பண்ணுங்க.” அதை ஒழிக்க வேண்டும் என்று எனக்கு வைராக்கியம் கிடையாது. கூடவே ஜாலி, குஷி இரண்டும் இருக்கின்றன. இவற்றுக்குள் உள்ள வித்தியாசம் நுட்பமானது. ஜாலி என்றால் தலையில் பாரம் இல்லாமல் இருப்பது. பரீட்சை முடிந்துவிட்டது, ஜாலி. “சும்மா ஜாலிக்குச் சொன்னேன்” என்றால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். குஷி பாரசீகத்திலிருந்து வந்தது. அது ஒரு சமயத்து மனநிலை, பெரும்பாலும் அடுத்தவருடையது. “மேனேஜர் இன்னைக்குக் குஷியா இருக்கார், லீவு கேட்கணும்னா இப்பவே போய்க் கேளு.” நாளைக்கு அது இருக்காது.

இங்கே அந்தப் பெண்ணுக்கு இரண்டு எச்சரிக்கைகள். வங்காளத்தில் மஜா குழந்தைகள் சொல். பொம்மையும் மஜா, மாங்காய் ஊறுகாயும் மஜா. பாரசீக மூலத்தில் ருசி என்றே பொருள். தமிழில் அதற்கு ஒரு கண்ணடிப்பு சேர்ந்துவிட்டது. மாமனாரிடம் “நேத்து நாங்க ரெண்டு பேரும் மஜா பண்ணோம்” என்று சொல்லிவிடக் கூடாது. உல்லாசம் இன்னும் மோசம். அருமையான சொல், பாவம். குற்றச் செய்தி எழுதும் நிருபர்கள் பல வருடம் “அடிக்கடி தனிமையில் சந்தித்து உல்லாசமாக இருந்துள்ளனர்” என்று எழுதி எழுதி அதைக் கெடுத்துவிட்டார்கள். இலங்கையில் அதற்கு இந்தக் கறை ஒட்டவில்லை. அங்கே சுற்றுலாக்காரர்களையே உல்லாசப் பயணிகள் என்பார்கள். தமிழ்நாட்டு வாசகர் அந்தப் பலகையைப் பார்த்தால் ஒரு நொடி நின்று இரண்டாவது தரம் படிப்பார். சல்லாபத்துக்கும் இதே கதி. மூலத்தில் அது வெறும் உரையாடல்.

குதூகலம் இடம் மாறி வந்த இன்னொன்று. வடமொழியில் அறியும் ஆர்வம். வங்காளத்திலும் கன்னடத்திலும் இன்றும் அதுவே. தமிழில்தான் அது பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து கத்துகிற சந்தோஷமாகிவிட்டது. ஒற்றை ஆளுக்குக் குதூகலம் சரியாக உட்காராது. கேளிக்கை என்ற சொல்லை வரி போட்டதால்தான் ஜனங்கள் தெரிந்துகொண்டார்கள். 2006-ல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று அரசு சொன்னபோது டீக்கடைவரை பேசப்பட்டது. இலங்கைத் தமிழில் பகிடி என்று ஒரு நல்ல சொல் உண்டு, கேலி, வேடிக்கை என்ற பொருளில். பல்கலைக்கழகத்தில் ராகிங்குக்கு அவர்கள் வைத்த பெயர் பகிடிவதை. பகிடி எங்கே முடிந்து வதை எங்கே தொடங்குகிறது என்பது அந்தச் சொல்லிலேயே தெரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்த வகை இனிமேல்தான். சந்தோஷம் உச்சத்துக்குப் போனால் தமிழன் சண்டைக்குப் போய்விடுவான், சொல்லளவில். கல்யாணம் எப்படி நடந்தது? அமர்க்களமா நடந்தது. அமர் என்றால் போர். களம் அது நடந்த இடம். பந்தலில் யாரும் யாரையும் வெட்டவில்லை, அதிகபட்சம் பாயசம் பத்தாமல் போயிருக்கும். சாப்பாடு? அட்டகாசம். மூலத்தில் அது உரக்கச் சிரிக்கும் சிரிப்பு. இன்றைக்கு ஒரே பேப்பரில் நான்காம் பக்கத்தில் “காட்டு யானைகள் அட்டகாசம்”, சினிமாப் பக்கத்தில் “அட்டகாசமான நடிப்பு”. பாட்டு? பின்னிட்டாங்க. நாதஸ்வரம்? வெளுத்து வாங்கிட்டார். மாப்பிள்ளையின் தோழர்கள் ஆடிய ஆட்டம்? கலக்கிட்டாங்க, தூள் கிளப்பிட்டாங்க. சமையல்காரரைக் கூப்பிட்டு, “அந்த வத்தக்குழம்பு இருக்கே, கொன்னுட்டீங்க” என்று சொன்னால் அவர் கையெடுத்துக் கும்பிடுவார். இதை வார்த்தைக்கு வார்த்தை வேறு மொழியில் சொன்னால் போலீஸ் வரும்.

சத்தமில்லாத சந்தோஷத்துக்கு வேறு சொற்கள். அவை உடம்பிலிருந்து வருபவை. குளிர்ப் பிரதேசத்துக்காரர்களுக்குச் சந்தோஷம் கதகதப்பாக இருக்கும். வெயிலில் காய்கிற ஊரில் அது குளிர்ச்சிதான். மனசு குளிர்ந்தது. கண் குளிரப் பார்த்தேன். காது குளிரக் கேட்டேன். வயிற்றில் பாலை வார்த்தாய். பேரனைப் பார்த்த பாட்டிக்கு “வயிறு குளிர்ந்துபோச்சு”. இதற்கு எதிர்ப்பக்கம் பொறாமை. அது “வயித்தெரிச்சல்”. நெஞ்சைவிட வயிற்றுக்குத்தான் இங்கே மதிப்பு அதிகம். உச்சி குளிர்ந்தால் மட்டும் ஜாக்கிரதை, யாரோ முகஸ்துதி செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்தக் குளிர்ச்சிக்கும் சுகத்துக்கும் நெருக்கம் உண்டு. சுகம் வங்காளத்தில் மகிழ்ச்சி; நம்மிடம் உடம்பு சம்பந்தப்பட்டது. “உடம்புக்குச் சுகமில்லை” என்றால் காய்ச்சல். சுகப்பிரசவம் என்று ஆண்கள்தான் பெயர் வைத்திருக்க வேண்டும். காற்று சுகமாக வரும், தூக்கம் சுகமாக இருக்கும். சுகவாசி என்று சொன்னால் அந்த ஆள் தட்டை எடுத்துக் கழுவ மாட்டார்.

கடைசியாக, அந்தப் பெண் தேடியது நடைமுறைக்கான ஒரு வாக்கியம். சாப்பிட உட்காரும்போது வேறு மொழிக்காரர்கள் சொல்வதுபோல ‘உணவை அனுபவியுங்கள்’ என்று நம்மிடம் கிடையாது. பரிமாறுகிறவர் சொல்வது “நல்லா சாப்பிடுங்க”, “கூச்சப்படாம சாப்பிடுங்க”, “மெதுவா சாப்பிடுங்க, ஒண்ணும் அவசரமில்ல”. சாப்பிட்டவர் சொல்வது “இட்லி பஞ்சு மாதிரி இருக்கு அத்தை” என்பதுதான். தன்னைப் பற்றிச் சொல்லாமல் இட்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சட்னியில் கைவைத்து, அதற்குப் பெருங்காயம் எப்போது போட்டீர்கள் என்று கேட்டால் இன்னும் நல்லது. இது எதுவும் வாயில் வரவில்லை என்றால், “இன்னும் ரெண்டு வைங்க அத்தை” என்று தட்டை நீட்டச் சொல்லுங்கள். ‘இன்னும் ரெண்டு’ என்பதில் இலக்கணப் பிழை வர வாய்ப்பில்லை.